கரந்துறை மொழி



இலக்கியம் பேசும் இவ்வேளையில் இரகசியக் குறியீடுகளைப் பற்றிப் பேசப் புகுவது உங்களிற் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். இது கணித ஆசிரியரின் பாடம், அல்லது படைத்துறையினரின் தொழில் என்று எண்ணத் தோன்றும். நான் தமிழ் கற்பிப்பவன். கணக்கு என் துறையன்று. ஆயினும் மறைத்தெழுதும் கலையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது எண்ணின் வரலாறாக இருக்குமளவுக்கு எழுத்தின் வரலாறாகவும் இருப்பதைக் காண்கிறேன். மறைத்தவன் மொழியை நம்பி மறைத்தான். உடைத்தவன் மொழியின் இயல்பை அறிந்து உடைத்தான். அந்த வரலாற்றின் முக்கியமான ஏடொன்று நமது கொழும்பிலேயே எழுதப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

நமது இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். உயர்தர வகுப்பிலே தமிழ் பயின்றோர் 'குழூஉக்குறி' என்ற சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். பவணந்தி முனிவரின் நன்னூல், தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக இதனைக் கூறுகின்றது. ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே மாத்திரம் விளங்கும்படி ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குவதே குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். இவை வகுப்பறையில் நாம் வழக்கமாகக் காட்டும் உதாரணங்கள். இந்த வழக்கை இலக்கணகாரர் இழிவென்று தள்ளவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தகுதி என்றே அதற்குப் பெயரிட்டனர். ஒரு கூட்டத்தார் தமக்குரியதைத் தமக்குள் வைத்துக்கொள்வது மொழியின் இயல்பான வழக்குகளுள் ஒன்று என்று அவர்கள் கண்டார்கள்.

குழூஉக்குறி பொருளை மறைக்கும். எழுத்தையே இடம்மாற்றி மறைக்கும் முறையும் நம்மிடம் இருந்தது. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் சித்திரகவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'கூடசதுக்கம்' என்பதில் நான்காம் அடியின் எழுத்துகள் முதல் மூன்று அடிகளுக்குள் மறைந்து நிற்கும். 'காதைகரப்பு' என்பதில் ஈற்றெழுத்திலிருந்து பின்னோக்கி ஒன்றுவிட்டு ஒன்றாக எழுத்துகளை எடுத்தால் வேறொரு செய்யுள் வெளிப்படும். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பதற்குக் 'கரந்துறைச் செய்யுள்' என்றே பெயர். நமது புலவர்கள் இவற்றை வித்துவத் திறமை காட்டவும் அவையோரை மகிழ்விக்கவும் பாடினார்கள். இதே உத்திகளைப் பிற நாட்டார் போர்க்களத்திலும் அரசாங்கத்திலும் பயன்படுத்தினார்கள்.

இந்தியப் பழநூல்களிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், ஒற்றர்கள் குறியெழுத்தின் மூலம் செய்தி அனுப்புவதைக் கூறுகின்றது. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளுள் 'மிலேச்சித விகற்பம்' எனப்படும் மறைமொழிக் கலையும் ஒன்று. அரசியல் நூலும் காதல் நூலும் இக்கலையைக் கூறுவது பொருத்தமே. அரசருக்கும் காதலருக்கும் அடுத்தவர் காதைப் பற்றிய அச்சம் எப்போதும் உண்டல்லவா?

இனி, மறைத்ததை உடைத்த கதைக்கு வருவோம். ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரில் வாழ்ந்த அல்கிந்தி என்ற அறிஞர், மறையெழுத்தை உடைப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன வழி எளிமையானது. எந்த மொழியிலும் எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் வருவதில்லை. சில அடிக்கடி வரும். சில அரிதாக வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வேறொரு குறியை இட்டு எழுதினாலும் அந்த அளவு மாறாது. ஆகவே, குறிகளை எண்ணுங்கள். அதிகம் வரும் குறி, அதிகம் வரும் எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு நமது எழுத்திலக்கணமே நினைவுக்கு வந்தது. எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும், எது ஈற்றில் வரும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் மயங்கும் என்றெல்லாம் தொல்காப்பியர் விரிவாக வகுத்துச் சென்றிருக்கிறார். 'மெய்ம்மயக்கம்' என்றதும் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். இதனாற் பயன் என்ன என்று கேட்பார்கள். உயிரையும் மெய்யையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிட்டு எழுதிய ஒரு தமிழ் மறைகடிதம் உங்கள் கையிற் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு குறியை அடுத்து எப்போதும் இன்னொரு குறி மாத்திரமே வருகிறது. அந்தக் குறி சொல்லின் முதலில் வருவதே இல்லை. அப்படியானால் முன்னது ஙகரமெய், பின்னது ககரமெய் என்று ஊகித்துவிடலாம். ஙகர மெய்யின் பின்னே பெரும்பாலும் ககரமே வரும் என்பது தமிழின் இயல்பு. இலக்கண ஆசிரியன் மொழியின் ஒழுங்கென்று சொல்வதையே, மறையுடைப்பவன் மொழியின் பழக்கம் என்று சொல்கிறான். இருவரும் பார்ப்பது ஒன்றைத்தான்.

இப்போது கொழும்புக்கு வருவோம். ஆண்டு 1942. யப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே யப்பானியரின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, அவற்றின் மறையை உடைக்கும் பணியில் ஈடுபட்டிருந்த பிரித்தானியக் கூட்டுப் பணியகத்தின் கடற்படைப் பிரிவினர் அவ்வாண்டு ஜனவரியில் கொழும்புக்கு இடம்பெயர்ந்தனர். அவர்கள் வந்து தங்கிய இடம் கோட்டையோ படைமுகாமோ அன்று, ஒரு பள்ளிக்கூடம். இந்தியச் சிறுவர்கள் படித்த 'பெம்புரோக் கல்லூரி' என்ற பாடசாலையின் கட்டடத்தில் அவர்கள் தமது தாள்களையும் பென்சில்களையும் விரித்தார்கள்.

அவர்கள் உடைக்க முயன்றது, பிரித்தானியரும் அமெரிக்கரும் 'ஜே.என். 25' என்று பெயரிட்டழைத்த யப்பானியக் கடற்படையின் மறைமுறை. அது இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டி போன்றது. முதலில், ஒரு பெரிய குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தொடருக்கும் ஐந்திலக்க எண் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும். கற்பனையாக, 'கப்பல்' என்பதற்கு 12345 என்று கொள்வோம். பின்னர் இன்னொரு புத்தகத்திலிருந்து ஏதாவதொரு ஐந்திலக்க எண்ணை, 60718 என்று வைத்துக்கொள்வோம், அதனுடன் கூட்டுவார்கள். கூட்டும்போது பத்தைத் தாண்டினால் மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. அப்படிக் கூட்டினால் 72053 வரும். அதைத்தான் வானலையில் அனுப்புவார்கள். அடுத்த முறை 'கப்பல்' என்ற அதே சொல் வேறோர் எண்ணாக வரும். அல்கிந்தியின் எண்ணும் வித்தை இங்கே நேராகச் செல்லாது.

இவ்வளவு கவனமாகச் செய்தவர்கள் ஒரு சிறு வசதியையும் செய்துவைத்தார்கள். வானொலியில் எண்கள் பிழையாகக் கேட்கக்கூடும் என்று அஞ்சி, குறிப்புப் புத்தகத்திலுள்ள எண்கள் யாவும் மூன்றால் மீதியின்றி வகுபடுமாறு அமைத்தார்கள். வகுபடாவிட்டால் பிழை நேர்ந்துவிட்டது என்று பெறுபவர் அறிந்துகொள்ளலாம். தம்மவருக்குச் செய்த அந்த உதவி எதிரிக்கும் உதவியாயிற்று. கூட்டப்பட்ட எண்ணை ஊகித்துக் கழித்துப் பார்ப்பவர், மிஞ்சும் எண்கள் மூன்றால் வகுபடுகின்றனவா என்று சோதித்துத் தமது ஊகம் சரியா பிழையா என்று அறிந்துகொண்டார். 1939இலேயே ஜோன் டில்ட்மன் என்ற பிரித்தானிய அதிகாரி இம்முறையின் அமைப்பைக் கண்டறிந்திருந்தார்.

1942 மார்ச் மாதம். யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் 'டி.ஜி.' என்று குறிக்கப்பட்ட ஓரிடத்தைத் தாக்கப் போகின்றன என்பது பெம்புரோக் கல்லூரியில் இருந்தோருக்குத் தெரியவந்தது. 'டி.ஜி.' எந்த இடம்? அதற்கு விடை யப்பானியரின் செய்தியொன்றிலிருந்தே கிடைத்தது. அந்த ஊரின் பெயர் குறியீட்டால் அன்றி, கானா எழுத்தில் எழுத்தெழுத்தாகவே தரப்பட்டிருந்தது: கோ, ரோ, ன், போ.

கானா என்பது நமது உயிர்மெய் எழுத்துப் போன்றது. மெய்யும் உயிரும் சேர்ந்த ஓசைக்கு ஓர் எழுத்து. லகரம் அவர்களுக்கு இல்லை. ரகரந்தான் அதன் வேலையையும் செய்யும். நமது ஊரின் பெயர் அவர்கள் நாவில் அப்படித்தான் வரும். தாம் அமர்ந்து வேலைசெய்துகொண்டிருக்கும் நகரத்தின் பெயரே தம் மேசைமேல் எழுத்தெழுத்தாக எழுந்து நின்றபோது அவர்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 1ஆம் திகதியளவில் தாக்குதல் நிகழும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அட்மிரல் சொமர்வில் தமது கப்பற்படையுடன் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வரவில்லை. எரிபொருளும் நீரும் குறையவே, 2ஆம் திகதி அவர் படையின் பெரும்பகுதியுடன் மாலைத்தீவின் அட்டு தீவுத்திட்டை நோக்கித் திரும்பினார். 4ஆம் திகதி, லெனாட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி ஓட்டிச்சென்ற கற்றலீனா விமானம் யப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது. விமானம் சுடப்பட்டு வீழ்ந்தது; அவர் சிறைப்பட்டார். மறுநாள் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. அன்றே 'டோசெற்சயர்', 'கோண்வோல்' என்ற இரு பிரித்தானியப் போர்க்கப்பல்களும் கடலில் மூழ்கின. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

இரகசியத்தை அறிந்துகொள்வது ஒன்று, அறிந்ததைப் பயன்கொள்வது வேறொன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இடம் தெரிந்தது, நாள் சற்றுத் தவறியது. ஆயினும் முன்னறிவித்தல் வீண்போகவில்லை. துறைமுகத்தில் நெருங்கி நின்ற கப்பல்களிற் பல முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தன.

தாக்குதலின் பின்னர் மறையுடைப்போர் ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்கு, மொம்பாசாவின் கிளிண்டினிக்கு அனுப்பப்பட்டனர். அங்கேயும் அவர்களுக்கு வாய்த்தது ஒரு பள்ளிக்கூடமே. இந்திய வணிகர் அலிதினா விஸ்ராமின் பெயரால் அமைந்த உயர்தரப் பாடசாலை அது. அங்கே அவர்கள் யப்பானிய வணிகக் கப்பல்களின் மறைமுறையான 'ஜே.என். 40' என்பதை ஆராய்ந்தார்கள். 1942 செப்டெம்பரில் யப்பானியச் செய்தியாளர் ஒருவர் ஒரே செய்தியைச் சிறு மாற்றத்துடன் இருமுறை அனுப்பிவிட்டார். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, அம்முறை இலக்கங்களை இடம்மாற்றி அடுக்கும் முறை என்பது வெளியாயிற்று. நமது காதைகரப்பின் தூரத்து உறவினர் என்று சொல்லத்தக்க முறை. நவம்பர் மாதமளவில் அச்செய்திகள் வரவர வாசிக்கப்பட்டன.

1943இல் அவர்கள் மீண்டும் கொழும்புக்கு வந்தார்கள். இம்முறை அவர்கள் இருந்த இடம் அண்டர்சன் கொல்ப் மைதானம். கரையிலே இருந்த அந்நிலையத்துக்குக் கப்பலுக்கு வைப்பதுபோல் 'எச்.எம்.எஸ். அண்டர்சன்' என்று பெயரிட்டார்கள். பிரித்தானிய மகளிர் கடற்படைச் சேவையைச் சேர்ந்த யுவதிகள் பலர் அங்கே பணியாற்றினர். பொரளையிலிருந்து நாரஹேன்பிட்டிப் பக்கம் செல்வோருக்கு அண்டர்சன் தொடர்மாடி என்ற பெயர் பழக்கமானதே. பொரளையில் வாழும் நானும் அப்பெயரைப் பலகாலம் வெறும் பெயராகவே கேட்டு வந்திருக்கிறேன். இந்து சமுத்திரம் முழுவதன் வானொலிச் செய்திகளும் ஒருகாலத்தில் அப்பெயர் தாங்கிய நிலத்தில் வடிகட்டப்பட்டன.

இக்கதையில் இலக்கிய மாணவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. யப்பானிய மொழி தெரிந்தோர் போதாமையால், 1942 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பெட்போர்ட் நகரில் ஆறுமாதகால வகுப்பொன்று தொடங்கப்பட்டது. ஒஸ்வல்ட் டக் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி கற்பித்தார். சேர்க்கப்பட்ட மாணவர்களுட் பலர் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இலத்தீனும் கிரேக்கமும் படித்துக்கொண்டிருந்தவர்கள். சிதைந்த சுவடியிலே விடுபட்ட சொல்லை ஊகிக்கப் பழகியவனுக்கு, பாதி உடைந்த மறைச்செய்தியில் மீதியை ஊகிப்பது கைவந்த கலையாகும். மூலபாடம் பார்க்கும் நமது பதிப்பாசிரியர்களும் அந்த வேலைக்கு உரியவர்களே.

மேற்கூறிய கதைகளிலிருந்து ஒரு பொதுவுண்மை பெறப்படுகின்றது. பூட்டின் வலிமைக் குறைவால் மாத்திரம் இரகசியங்கள் வெளியாகவில்லை. ஒருவர் ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிவிட்டார். மற்றவர் செய்தியை இருமுறை அனுப்பினார். இன்னுமொருவர் தம்மவரின் வசதிக்காக மூன்றால் வகுபடும் எண்களைத் தேர்ந்தார். மனிதப் பழக்கத்தின் வழியாகவே மறைபொருள் கசிந்தது. 1883இல் ஒகஸ்ட் கேர்க்கோஃப்ஸ் என்ற மொழியாசிரியர் இதை ஒரு விதியாகவே சொன்னார்: பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்துவிட்டாலும் கெடுதியில்லாதவாறு மறைமுறை இருக்கவேண்டும், இரகசியம் திறப்பில் மாத்திரம் தங்கியிருக்கவேண்டும். அவரும் ஒரு மொழியாசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நமது காலத்துக்கு வருவோம். பழைய முறைகளுக்கெல்லாம் ஒரு பொதுக்குறை இருந்தது. செய்தி அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே திறப்பை முன்கூட்டியே பகிர்ந்திருக்கவேண்டும். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர் இக்குறையைத் தீர்க்கும் வழியை வெளியிட்டனர். ஆமைப்பூட்டை நினைத்துப் பாருங்கள். திறந்த பூட்டை அழுத்திப் பூட்ட எவராலும் முடியும். திறப்பவர் திறப்பை உடையவரே. எனது திறந்த பூட்டுகளை ஊரெல்லாம் கொடுத்துவைக்கலாம். திறப்பு என் மடியில் இருக்கும். மறுவருடமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் இதற்கான கணிதத்தை அமைத்தனர். 61ஐ 53ஆற் பெருக்கினால் 3233 என்பது நொடியில் தெரியும். 3233 எந்த இரு பகா எண்களின் பெருக்கம் என்று கேட்டால் சற்றுச் சிந்திக்கவேண்டும். அறுநூறு இலக்கங்கள் கொண்ட எண்ணென்றால் இன்றைய கணனிகளும் திணறும்.

இதே கணிதம் கையொப்பத்துக்கும் உதவுகின்றது. இங்கே சிலப்பதிகாரத்தை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. மாதவி அனுப்பிய முடங்கலைக் கோசிகன் காட்டிடையே கொண்டுவந்து கொடுக்கிறான். களிமண் இலச்சினையில் அவள் கூந்தலின் பதிவும் அதில் நெய்வாசமும் இருக்கின்றன. முடங்கலைப் பிரிக்கும் முன்னரே கோவலன் அது யாருடையது என்று அறிந்துகொள்கிறான். எவராலும் போலிசெய்ய இயலாத அடையாளம் அது. பின்னர் நிகழ்வதும் நோக்கத்தக்கது. அந்த முடங்கலின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துவதைக் கண்ட கோவலன், அதனையே அவர்களிடம் சேர்ப்பிக்கும்படி கோசிகனிடம் கொடுத்துவிடுகிறான். ஒருவருக்கு எழுதிய கடிதம் ஓரெழுத்தும் மாறாமல் இன்னொருவருக்குச் செல்கிறது. கோவலன் நன்மையாகச் செய்ததைக் கள்வர் தீமையாகச் செய்யலாம். அதனாலேயே இன்றைய கணனிச் செய்திகளில் பெறுபவரின் பெயரையும் நேரத்தையும் சேர்த்தே முத்திரையிடுகிறார்கள். அதே காப்பியத்தில், புறத்தோற்றத்தை நம்பி, சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாராமல் தீர்ப்பளித்த பாண்டியனால் ஒரு நகரமே எரிந்தது. ஒரு பொருள் உரியவருடையதுதானா என்று சோதித்தறிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இளங்கோவடிகள் இரு நிகழ்ச்சிகளிலும் காட்டியிருக்கிறார்.

இன்றைய ஆராய்ச்சியாளரின் கவலை வேறொன்று. 1994இல் பீற்றர் ஷோர் என்பவர், குவாண்டம் கணனி என்ற புதுவகைக் கணனி பெரிய அளவில் உருவாகுமானால் பெரிய எண்களையும் விரைவிற் பிரித்துவிடலாம் என்று காட்டினார். அவ்வளவு பெரிய கணனி இன்னும் வரவில்லை. ஆனால் இன்று பூட்டிய செய்திகளைச் சேர்த்து வைத்திருந்து நாளை திறந்து பார்க்க எவரும் முயலலாம். ஆகவே புதிய பூட்டுகள் தேடப்பட்டன. 2016இல் தொடங்கிய உலகளாவிய தேர்வின் பயனாக 2024 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. அவற்றுள் இரண்டின் அடிப்படையை நமது வாசற்கோலத்தைக் கொண்டு விளக்கலாம். ஒழுங்காகப் பரந்த புள்ளிகளிடையே ஓரிடத்தைச் சுட்டி, அதற்கு மிக அருகிலுள்ள புள்ளி எது என்று கேட்பது போன்ற வினா அது. முற்றத்துக் கோலத்தில் குழந்தையும் சொல்லிவிடும். நூற்றுக்கணக்கான பரிமாணங்கள் கொண்ட கோலத்தில் குவாண்டம் கணனிக்கும் விடை எளிதாகக் கிட்டாது என்று நம்புகிறார்கள்.

வேறு இரு ஆராய்ச்சிகளும் அறியத்தக்கவை. கிரெய்க் ஜென்றி 2009இல், பூட்டிய தரவைத் திறக்காமலே எந்தக் கணக்கையும் செய்யும் முறையைக் காட்டினார். மாணவரின் புள்ளிகள் அடங்கிய உறைகளைப் பிரிக்காமலே மொத்தத்தைக் கூட்டிவிடுவது போன்ற வித்தை அது. இரண்டாவது, ஓர் உண்மையை நிரூபிக்கும்போது அந்த உண்மைக்கு அப்பால் எதையும் வெளியிடாத முறை. 1985இல் கோல்ட்வாசர், மிக்காலி, ரக்கோஃப் ஆகியோர் அதற்கு வித்திட்டனர். நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அதில் உண்டு. பெண்களாயின் அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். வயது பதினெட்டைத் தாண்டியதா என்று மாத்திரம் அறியவேண்டிய ஒருவருக்கு அந்த இலக்கத்தைக் காட்டினால், பிறந்த நாளையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். கேட்டதற்கு மாத்திரம் விடைசொல்லும் அடையாள அட்டையை ஆக்க முடியும் என்பதே அந்த ஆராய்ச்சியின் பயன்.

பூட்டு எவ்வளவு வலிதானாலும் பழக்கம் பழக்கமே. கொட்டாஞ்சேனையிலே எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. "அம்மா, வங்கியிலயிருந்து கதைக்கிறம். உங்கட போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், ஒருக்காச் சொல்லுங்கோ" என்று மிக மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். அவரும் ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். அறுநூறு இலக்கப் பூட்டு அந்த ஆறு இலக்கங்களோடு திறந்துகொண்டது. ஓய்வூதியச் சேமிப்பிற் பெரும்பகுதி போய்விட்டது. 1942இல் கொழும்பின் பெயரை எழுத்துக்கூட்டி அனுப்பிய யப்பானியரின் கதைதான் இதுவும்.

இறுதியாக ஒரு வினா. "ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு மறைப்பு எதற்கு?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். குற்றவாளிகளும் இப்பூட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆகவே எல்லாப் பூட்டுகளுக்கும் அரசாங்கத்திடம் ஒரு மாற்றுத் திறப்பு இருக்கவேண்டும் என்று வாதிடுவோர் பல நாடுகளிலும் உண்டு. 1993இல் அமெரிக்க அரசாங்கம் 'கிளிப்பர்' என்ற சில்லின் மூலம் அதற்கு முயன்றது. மறுவருடமே மற் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதிலிருந்த குறையைக் கண்டு வெளியிட்டார். அத்திட்டம் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. காவலனுக்கென்று வைத்த வாசல் கள்வனுக்கும் வாசலே.

நான் சிறுவனாக இருந்தபோது, அவசரகாலச் சட்டங்களின் நிழலில், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெளிநாட்டு உறவினருக்கு எழுதிய கடிதங்களில் மழையும் வெயிலும் அதிகம் இருக்கும். 'இங்கே ஒரே மழை' என்றால் மழையைப் பற்றிய செய்தி அன்று என்பது அனைவருக்கும் தெரியும். அவர்கள் எவருக்கும் தீங்கு செய்தவர்களல்லர். மகன் நலமா, தம்பி வீடுவந்து சேர்ந்தானா என்பவையே அவர்களின் இரகசியங்கள். அன்புடைய இருவர் தமக்குள் பேசிக்கொள்வதை மூன்றாமவர் கேட்கக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் குழூஉக்குறியைக் கையாண்டார்கள். இன்று வெள்ளவத்தையிலிருந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் செல்லும் குரல்களைக் கணிதம் காக்கின்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் நமது பாராளுமன்றமும் ஒருவரின் தரவுக்குக் காப்பு வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயினும் கணிதமும் சட்டமும் வாசல்வரைதான் வரும். உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடாதிருப்பது நமது கடமை.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லி அமைகிறேன். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் என்று எவனும் இல்லை. தாயின் நோயும் தங்கையின் திருமணப் பேச்சும் வீட்டுக் கடனும் எல்லார்க்கும் உண்டு. அவற்றைத் தமக்குள் வைத்துக்கொள்ளும் உரிமையைத்தான் நம் முன்னோர் தகுதி என்ற சொல்லுக்குள் அடக்கினார்கள்.